கென்னடி படுகொலைப் புலனாய்வில் குண்டு அளவீடுகள்: துல்லியமும் முடிபும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி 1963 நவம்பர் 22ஆம் நாள் டாலஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்படுகொலையை ஆராய்ந்த வாரன் ஆணையமும், பின்னர் அமைந்த பிரதிநிதிகள் அவையின் தெரிவுக் குழுவும் தம் முடிபுகளைக் காலம், இடம், கோணம், எடை, உலோகக் கலவை ஆகிய அளவீடுகளின்மீது நிறுவின. அவ்வளவீடுகள் அறுபது ஆண்டுகளாக மறுக்கப்பட்டும் மறுபடி நிறுவப்பட்டும் வருகின்றன. அவற்றுள் முதன்மையானவற்றை இக்கட்டுரை வரலாற்று முறையில் தொகுத்து, எண்ணுக்கும் அதிலிருந்து பெறப்பட்ட முடிபுக்கும் உள்ள இடைவெளியை ஆராய்கிறது. குறிப்பாக, 1977இல் நிகழ்ந்த நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வும் 2004 முதல் 2007 வரை அதன்மீது எழுந்த மறுமதிப்பீடும் விரிவாக நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கென்னடி படுகொலை, வாரன் ஆணையம், தடய அறிவியல், குண்டு ஈய ஒப்பாய்வு, நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு, அளவீட்டுப் பிழை.

முன்னுரை

தமிழ்த் தருக்க மரபில் ‘அளவை’ என்னும் சொல் அளக்கும் கருவியையும் அறியும் வழியையும் ஒருங்கே குறிக்கும். காண்டல், கருதல், உரை என அம்மரபு அளவைகளை வகுக்கிறது. ஒரு பொருளின் எடையைத் தராசில் காண்பது காண்டல். அவ்வெடையைக் கொண்டு அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று உய்த்துணர்வது கருதல். இரண்டும் வேறு வேறான அறிவுச் செயல்கள். முதலாவது எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும் இரண்டாவது அதனால் தானே உறுதி பெற்றுவிடுவதில்லை. நீதிமன்றங்களிலும் விசாரணை ஆணையங்களிலும் இவ்வேறுபாடு பலகாலும் மறைந்துபோகிறது. பதின்மப் புள்ளிகளோடு கூறப்படும் எண், அதனைத் தொடர்ந்து வரும் கருத்துக்கும் தன் உறுதியைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது.

இதனை விளக்குவதற்குக் கென்னடி படுகொலைப் புலனாய்வு தக்க சான்றாகும். குற்றம் சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டு, படுகொலை நிகழ்ந்த இரண்டாம் நாள், அதாவது நவம்பர் 24 அன்று, காவலில் இருந்தபோதே ஜாக் ரூபியால் சுட்டுக் கொல்லப்பட்டார். எனவே இவ்வழக்கு நீதிமன்றத்துக்கு வரவில்லை. தடயங்களை அளந்த வல்லுநர்கள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை. அவ்விசாரணையை வரலாற்றாய்வாளரும் மருத்துவரும் உலோகவியலாரும் புள்ளியியலாரும் பின்னாளில் தனித்தனியே நிகழ்த்த வேண்டியதாயிற்று.

புலனாய்வுக்குக் கிடைத்த சடப்பொருள் சான்றுகள்

டெக்சஸ் பள்ளிப் பாடநூல் கிடங்குக் கட்டடத்தின் ஆறாம் தளத்தில் 6.5 மி.மீ. விட்டமுடைய மான்லிக்கர்-கார்கானோ வகை இத்தாலியத் துப்பாக்கி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதன் வரிசை எண் சி2766. தென்கிழக்கு மூலைச் சன்னலருகே சுடப்பட்ட மூன்று தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் கிடந்தன. துப்பாக்கியில் சுடப்படாத தோட்டா ஒன்று எஞ்சியிருந்தது. அதிபர் சென்ற காரின் முன்னிருக்கைப் பகுதியில் இரண்டு பெரிய குண்டுத் துண்டுகள் கிடைத்தன. அவற்றின் எடை முறையே 44.6 கிரெய்ன், 21.0 கிரெய்ன். (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 64.8 மில்லிகிராம்.) காரின் பின்பகுதித் தரைவிரிப்பிலிருந்து மூன்று சிறு ஈயத்துகள்கள் எடுக்கப்பட்டன. கென்னடியின் தலையிலிருந்தும், அவருடன் பயணம் செய்து காயமுற்ற டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலியின் மணிக்கட்டிலிருந்தும் நுண்துண்டுகள் அகற்றப்பட்டன.

இவற்றினும் மிகுதியான சர்ச்சைக்கு உள்ளானது, பார்க்லேண்டு மருத்துவமனையில் நோயாளியைக் கிடத்தும் தள்ளுப்படுக்கையிலிருந்து கிடைத்த ஏறத்தாழ முழுமையான குண்டாகும். ஆணையத்தின் பட்டியலில் அது சான்றுப்பொருள் 399 என்னும் எண் பெற்றது. துப்பாக்கிக் குழலின் உட்புற வரிகள் குண்டின் மேல் பதிக்கும் கீறல்களை ஒப்பிட்ட எஃப்.பி.ஐ. வல்லுநர் ராபர்ட் ஃபிரேசியர், இக்குண்டும் காரில் கிடைத்த இரு பெரிய துண்டுகளும் அதே துப்பாக்கியிலிருந்து சுடப்பட்டவை எனச் சான்றளித்தார். இல்லினாய் மாநில வல்லுநர் ஜோசப் நிக்கலும் தனியே ஆய்ந்து அவ்வாறே கூறினார்.

1978இல் தெரிவுக் குழுவின் துப்பாக்கி வல்லுநர்கள் இவ்வொப்பீட்டை மீண்டும் செய்ய முயன்றபோது ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. அவர்கள் புதிதாகச் சுட்டெடுத்த மாதிரிக் குண்டுகளின் கீறல்கள் 1963ஆம் ஆண்டுச் சான்றுகளோடு பொருந்தவில்லை. இடைப்பட்ட காலத்தில் பலமுறை சோதனைக்காகச் சுடப்பட்டமை முதலிய காரணங்களால் குழலின் உட்புறம் மாற்றமுற்றிருந்தது. எனவே அவர்கள் 1963இல் எஃப்.பி.ஐ. சுட்டுவைத்திருந்த மாதிரிக் குண்டுகளோடு ஒப்பிட்டே பழைய முடிபை உறுதிசெய்தனர். அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடும் என்பதற்கும், முதற்கட்ட மாதிரிகளைப் பாதுகாத்தல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கும் இது சான்று.

காலம்: 2.3 வினாடி

ஆபிரகாம் சாப்ரூடர் என்பவர் 8 மி.மீ. படக்கருவியால் எடுத்த திரைப்படமே இப்புலனாய்வுக்குக் கடிகாரமாக அமைந்தது. அக்கருவி வினாடிக்குச் சராசரியாக 18.3 படச்சட்டங்கள் என்னும் வேகத்தில் இயங்கியதென எஃப்.பி.ஐ. ஆய்வகம் கணித்தது. தலையில் குண்டு பாய்ந்த நொடி 313ஆம் சட்டத்தில் தெளிவாகப் பதிவாகியுள்ளது. முதுகுக் காயம் ஏற்பட்ட நொடியோ படத்தில் நேராகத் தெரியவில்லை. ஆறாம் தளச் சன்னலிலிருந்து நோக்கினால் 166ஆம் சட்டம் முதல் 210ஆம் சட்டம் வரை ஓக் மரத்தின் இலைகள், 186ஆம் சட்டத்தையொட்டிய ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, அதிபரை மறைத்தன. 225ஆம் சட்டத்தில் அவர் காயமுற்ற அறிகுறி தெரிந்தது. ஆகவே 210க்கும் 225க்கும் இடையே அக்குண்டு பாய்ந்தது என ஆணையம் கொண்டது.

அத்துப்பாக்கியின் தாழ்ப்பாளை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுடக் குறைந்தது 2.3 வினாடி தேவை என்று ஃபிரேசியர் கூறியிருந்தார். இது 42 சட்டங்களுக்குச் சமம். 210ஆம் சட்டத்தில் முதற்குண்டு பாய்ந்திருப்பின் அடுத்த குண்டு 252ஆம் சட்டத்துக்கு முன் வந்திருக்க இயலாது. கானலியோ 240ஆம் சட்டத்துக்குப் பிறகு அவருடைய காயங்களுக்கு ஏற்ற நிலையில் அமர்ந்திருக்கவில்லை. இரண்டு குண்டுகளுக்கு இடமில்லாத காலப்பகுதியில் இருவர் காயமுற்றனர் என்பதால், ஒரே குண்டு கென்னடியின் கழுத்துப் பகுதியை ஊடுருவி, கானலியின் மார்பு, மணிக்கட்டு, தொடை ஆகியவற்றையும் தாக்கியது என்னும் ‘ஒற்றைக் குண்டுக் கோட்பாடு’ உருவாயிற்று. ஆணையத்தின் உதவி வழக்கறிஞர் ஆர்லன் ஸ்பெக்டர் இதனை வடிவமைத்தார். அக்குண்டு சான்றுப்பொருள் 399 என்றும் கொள்ளப்பட்டது.

இங்கே 2.3 வினாடி என்பது அளக்கப்பட்ட எண் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தொலைநோக்கிக் குறிப்பானைப் பயன்படுத்திச் சுட்டவர்களின் வேகத்தை அளந்தது. துப்பாக்கியின் இரும்புக் குறிகாட்டியை மட்டும் நோக்கிச் சுடும்போது இதனினும் குறைந்த காலத்தில் இரு முறை சுட இயலும் என்பதைத் தெரிவுக் குழுவின் சோதனைகள் காட்டின. மேலும் அக்குழுவின் ஒளிப்படவியல் வல்லுநர்கள், அதிபர் காயத்தின் அறிகுறியை 207ஆம் சட்டத்துக்குள்ளாகவே காட்டினார் எனக் கருதினர். 2.3, 210 என்னும் இரண்டு எண்களும் கருதுகோள்களை உள்ளடக்கியவை என்பது இதனால் விளங்கும். அக்கருதுகோள்கள் மாறும்போது கோட்பாட்டுக்கு வந்தடையும் வழியும் மாறுகிறது. தெரிவுக் குழு ஒற்றைக் குண்டுக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. எனினும் ஆணையம் சென்ற வழியில் அது செல்லவில்லை.

இடமும் கோணமும்

பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஜேம்ஸ் ஹியூம்ஸ், தார்ன்டன் போஸ்வெல், பியர் ஃபிங்க் ஆகிய மூன்று மருத்துவர்கள் உடற்கூறாய்வு செய்தனர். முதுகுப்புறக் காயம் 7 மி.மீ. நீளமும் 4 மி.மீ. அகலமும் உடையது; வலத் தோள்பட்டை எலும்பு முனையிலிருந்து 14 செ.மீ. தொலைவிலும், வலக் காதின் பின்னுள்ள எலும்புமுனைக்கு 14 செ.மீ. கீழும் அமைந்தது என அவர்கள் பதிவுசெய்தனர். இரண்டு அடையாளப் புள்ளிகளுமே அசையும் உறுப்புகளைச் சார்ந்தவை. தலையை நிமிர்த்தினாலோ சாய்த்தாலோ, தோளை உயர்த்தினாலோ இத்தொலைவுகள் மாறிவிடும். 14 என்னும் எண் சரியாக இருந்தும் அது குறிக்கும் இடம் நிலையற்றதாக இருப்பதற்கு இதுவே காரணம். தெரிவுக் குழுவின் தடய மருத்துவக் குழு இக்குறையைச் சுட்டிக்காட்டியது.

அதிபரின் மேற்சட்டையில் இருந்த துளை கழுத்துப்பட்டையின் மேல்விளிம்பிலிருந்து 5 3/8 அங்குலம் கீழே இருந்தது. உட்சட்டையில் 5 3/4 அங்குலம் கீழே இருந்தது. துணியின்மேல் எடுக்கப்பட்ட இவ்வளவுகளை அப்படியே உடலுக்குப் பொருத்தியோர் காயம் மிகத் தாழ்வாக இருந்தது என்றும், எனவே குண்டு தொண்டை வழியே வெளியேறியிருக்க இயலாது என்றும் வாதிட்டனர். கையை உயர்த்தி அசைத்தபோது சட்டை மேலே சுருண்டிருந்தது என்பது எதிர்த்தரப்பின் விடை. துணியின் அளவு எவ்வளவு துல்லியமாயினும், அந்நொடியில் துணி உடலின்மேல் எவ்வாறு கிடந்தது என்பதை அந்த அளவு கூறாது.

தலையின் பின்புறக் காயத்தைப் பற்றிய வேறுபாடு இன்னும் பெரிது. உடற்கூறாய்வு மருத்துவர்கள் அதனைப் பிடரி எலும்பு முனைப்பிற்குச் சற்று மேலே, வலப்புறம் 2.5 செ.மீ. தொலைவில் குறித்தனர். 1968இல் ஒளிப்படங்களையும் ஊடுகதிர்ப் படங்களையும் ஆராய்ந்த கிளார்க் குழு அதனை ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில் குறித்தது. தெரிவுக் குழுவின் வல்லுநர்களும் உயர்ந்த இடத்தையே ஏற்றனர். உடலை நேரில் கண்டவர்களின் அளவும் படங்களைக் கண்டவர்களின் அளவும் ஒரு மனிதத் தலையில் 10 செ.மீ. வேறுபடுவதைச் சிறு பிழையாகக் கருத இயலாது. மூல மருத்துவர்கள் பின்னரும் தம் கூற்றை முழுதும் கைவிடாமையால் இச்சிக்கல் இன்றுவரை தொடர்கிறது.

கோணக் கணக்கீடு வேறொரு வகைப் பிழையைக் காட்டுகிறது. 210ஆம் சட்டத்தில் சன்னலிலிருந்து அதிபரை நோக்கிய இறங்குகோணம் 21 பாகை 34 கலை. 225ஆம் சட்டத்தில் 20 பாகை 11 கலை. ஆணையம் இவ்விரண்டின் சராசரியை எடுத்து, தெருவின் சரிவான 3 பாகை 9 கலையைக் கழித்து, 17 பாகை 43 கலை 30 விகலை என விடை கண்டது. இரு எல்லைகளுக்கிடையே 83 கலை ஐயம் இருக்கையில், அவற்றின் சராசரி அரைக் கலை வரை நுட்பமாகக் கூறப்பட்டது. கணக்கில் தவறில்லை, ஆயினும் விடையின் தோற்றம் தரவின் தரத்தை மீறியது.

எடை: சான்றுப்பொருள் 399

சான்றுப்பொருள் 399இன் எடை 158.6 கிரெய்ன். அதன் நுனி சிதையவில்லை. அடிப்பகுதி மட்டும் சற்று நசுங்கியிருந்தது. ஒரு விலா எலும்பையும் மணிக்கட்டு எலும்பையும் முறித்த குண்டு இவ்வளவு முழுமையாக இருக்குமா என்பதே கோட்பாட்டை மறுப்போரின் முதல் வினா. மணிக்கட்டில் காணப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கையைச் சுட்டி, உடற்கூறாய்வு மருத்துவருள் ஒருவரான ஃபிங்க் ஆணையத்தின் முன்னரே இவ்வையத்தை எழுப்பினார். எட்ஜ்வுட் படைக்கல ஆய்வகத்தில் சடலத்தின் மணிக்கட்டில் நேராகச் சுடப்பட்ட சோதனைக் குண்டு மிகுதியாக நசுங்கியது. முன்னரே இரு உடல்களை ஊடுருவி வேகம் குறைந்த குண்டு அவ்வாறு நசுங்க வேண்டியதில்லை என்பது ஆதரிப்போரின் விளக்கம்.

இவ்வாதத்தைத் தராசின் துணைகொண்டு தீர்க்க இருதரப்பும் முயன்றன. ஃபிரேசியர் அதே வகையைச் சேர்ந்த சுடப்படாத மூன்று குண்டுகளை எடைபோட்டார். அவை 160.85, 161.5, 161.1 கிரெய்ன் எனக் காட்டின. இவற்றுள் மிக இலேசானதோடு ஒப்பிட்டால் சான்றுப்பொருள் 399 இழந்தது 2.25 கிரெய்ன், மிகக் கனமானதோடு ஒப்பிட்டால் 2.9 கிரெய்ன். கானலியின் மணிக்கட்டிலிருந்து எடுத்து எடைபோடப்பட்ட துண்டோ அரைக் கிரெய்ன் அளவே இருந்தது. ஆகவே எடைக் கணக்கு கோட்பாட்டுக்கு இடந்தருகிறது என ஆதரிப்போர் கூறுகின்றனர். எடுக்கப்படாமல் உடலில் எஞ்சிய நுண்துண்டுகளைச் சேர்த்தால் கணக்கு மிஞ்சும் என மறுப்போர் கூறுகின்றனர்.

இருதரப்பும் கடந்துசெல்லும் உண்மை ஒன்று உண்டு. மூன்றே மாதிரிகளுக்குள் காணப்பட்ட வேறுபாடு 0.65 கிரெய்ன். இது மணிக்கட்டுத் துண்டின் எடையினும் அதிகம். சான்றுப்பொருள் 399 சுடப்படுமுன் கொண்டிருந்த எடையை எவரும் அளக்கவில்லை, அளந்திருக்கவும் இயலாது. உடலில் எஞ்சிய துகள்கள் ஊடுகதிர்ப் படத்தில் கண்ணால் மதிப்பிடப்பட்டனவேயன்றி எடைபோடப்படவில்லை. எனவே இழந்த எடை, மீந்த எடை என்னும் இரண்டுமே மதிப்பீடுகள். 158.6 என்னும் எண்ணின் பதின்மப் புள்ளி இவ்விரு மதிப்பீடுகளையும் துல்லியமாக்கிவிடாது.

ஈயத்தின் கலவை: 1964உம் 1977உம்

வடிவமும் எடையும் தீர்க்காத வினாவை வேதியியல் தீர்க்கும் என்னும் நம்பிக்கை தொடக்கத்திலேயே இருந்தது. எஃப்.பி.ஐ. ஆய்வகம் முதலில் நிறமாலைப் பகுப்பாய்வு செய்து, துண்டுகள் உலோகக் கலவையில் ஒத்தவை என்று கண்டது. 1964 மே மாதம் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வும் நிகழ்ந்தது. ஈயத்துண்டை அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தினால் அதிலுள்ள ஆண்டிமனி, வெள்ளி போன்ற தனிமங்கள் கதிரியக்கம் பெறும். அவை வெளியிடும் காமாக் கதிர்களை எண்ணுவதன் மூலம் தனிமத்தின் அளவைக் கணிக்கலாம். துண்டு அழிவதில்லை என்பதும், மிகச் சிறு துண்டும் போதும் என்பதும் இம்முறையின் சிறப்புகள். துண்டுகளிடையே காணப்பட்ட சிறு வேறுபாடுகளைக் கொண்டு அவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலவில்லை என எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர் 1964 ஜூலை 8ஆம் நாள் ஆணையத்துக்கு எழுதினார். ஆணையத்தின் அறிக்கையில் இப்பகுப்பாய்வு இடம்பெறவில்லை.

தெரிவுக் குழுவின் வேண்டுகோளின்படி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த வேதியியலர் வின்சென்ட் கின் 1977இல் இச்சோதனையை மேம்பட்ட கருவிகளால் மீண்டும் செய்தார். 1964இல் எஃப்.பி.ஐ. சோதித்த அதே நுண்துகள்கள் ஆவணக் காப்பகம் அனுப்பியவற்றுள் இல்லை என்பதையும் அவர் தெரிவித்தார். பத்து இலட்சம் பகுதிகளில் எத்தனை பகுதி ஆண்டிமனி என்னும் கணக்கில் அவர் கண்ட எண்கள் பின்வருமாறு: சான்றுப்பொருள் 399இல் 833, கானலியின் மணிக்கட்டுத் துண்டில் 797, காரின் முன்பகுதிப் பெருந்துண்டில் 602, கென்னடியின் தலைத்துண்டில் 621, தரைவிரிப்புத் துகள்களில் 638, 647. துப்பாக்கியில் எஞ்சியிருந்த சுடப்படாத தோட்டாவின் குண்டிலோ 15 மட்டுமே இருந்தது.

1978 செப்டம்பர் 8 அன்று தெரிவுக் குழுவின் முன் கின் சாட்சியமளித்தார். இவ்வகைக் குண்டுகள் ஒன்றுக்கொன்று கலவையில் பெரிதும் வேறுபடுகின்றன. ஆனால் ஒரே குண்டுக்குள் கலவை ஓரளவு சீராக உள்ளது. ஆகவே மேற்கண்ட எண்கள் இரண்டே குண்டுகளைக் காட்டுகின்றன. மணிக்கட்டுத் துண்டு சான்றுப்பொருள் 399இலிருந்து வந்திருப்பதற்கு மிகுந்த வாய்ப்புள்ளது என்பது அவர் முடிபு. ஒற்றைக் குண்டுக் கோட்பாட்டுக்குக் கிடைத்த வலிய அறிவியல் சான்றாக இது போற்றப்பட்டது.

எண்களின் உள்ளே

கின் ஒவ்வோர் எண்ணுக்கும் எண்ணல் பிழையையும் கொடுத்திருந்தார்: சான்றுப்பொருள் 399க்கு 9, மணிக்கட்டுத் துண்டுக்கு 7, முன்பகுதித் துண்டு, தலைத்துண்டு, விரிப்புத் துகள்கள் ஒவ்வொன்றுக்கும் 4. இவ்வெண்களை அவற்றின் பிழையோடு சேர்த்து நோக்கினால் சிக்கல் புலப்படும். 833க்கும் 797க்கும் உள்ள வேறுபாடு 36. அவ்விரண்டின் கூட்டுப் பிழை ஏறத்தாழ 11.4. அதாவது வேறுபாடு பிழையைப்போல் மும்மடங்கிற்கு மேல். கருவியின் பிழை ஒன்றே அளவுகோல் எனில் இவ்விரு துண்டுகளும் ஒரே கலவை உடையன அல்ல. அவ்வாறே 602, 647 ஆகியவை ஒரே குண்டைச் சேர்ந்தவை எனினும் அவற்றின் வேறுபாடாகிய 45, கூட்டுப் பிழையைப்போல் ஏறத்தாழ எண்மடங்கு.

இவற்றை ஒரே குண்டின் துண்டுகள் என்று கொள்வதற்கு ஒரு குண்டுக்குள்ளேயே கலவை இடத்துக்கு இடம் மாறும் என்று ஏற்க வேண்டும். அவ்வாறு ஏற்பது தவறன்று. ஆனால் அம்மாற்றத்தை ஏற்றவுடன் அதன் பேரளவு எவ்வளவு என்னும் வினா எழுகிறது. இரு தொகுதிகளுக்கும் இடைப்பட்ட இடைவெளி 797க்கும் 647க்கும் உள்ள 150. ஒரே குண்டின் வெவ்வேறு பகுதிகள் 150 அளவுக்கு வேறுபடக்கூடுமாயின் இரண்டு தொகுதி என்னும் பகுப்பே ஐயத்துக்குரியதாகிவிடும். கின் தம் முன்னாய்வில் சில குண்டுகளைத் துண்டுகளாக்கிச் சோதித்திருந்தார். அவற்றுள் சிலவற்றில் துண்டுக்குத் துண்டு காணப்பட்ட வேறுபாடு இவ்விடைவெளியோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. துண்டுகளை இணைக்கும்போது ஏற்றுக்கொள்ளப்பட்ட உள்மாற்றம், அவற்றைப் பிரிக்கும்போது கணக்கில் போதிய அளவு சேர்க்கப்படவில்லை.

மறுமதிப்பீடு: 2004–2007

இவ்வையத்துக்கு உலோகவியல் விளக்கம் அளித்தவர்கள் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த எரிக் ராண்டிச், பேட்ரிக் கிராண்ட் ஆகியோர். 2006இல் வெளியான அவர்களின் கட்டுரை, குண்டு ஈயத்தின் நுண்படிக அமைப்பை ஆராய்ந்தது. உருகிய ஈயம் உறையும்போது ஆண்டிமனி சீராகப் பரவாமல் படிகங்களின் எல்லைகளில் மிகுதியாகச் சேர்கிறது. சோதனைக்கு உட்பட்ட துண்டு, படிகங்களின் பருமனோடு ஒப்பிடத்தக்க அளவுக்குச் சிறியதாயின், அது எல்லைப் பகுதியை மிகுதியாகக் கொண்டதா, படிகத்தின் உட்பகுதியை மிகுதியாகக் கொண்டதா என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே நுண்துண்டின் கலவையை முழுக் குண்டின் கலவையாகக் கொள்ள இயலாது. தடயத் துண்டுகள் இரண்டு முதல் ஐந்து வரையிலான குண்டுகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிபு.

புள்ளியியல் அடிப்படையில் இதனை மறுமதிப்பீடு செய்தவர்கள் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கிளிஃபர்டு ஸ்பீகல்மனும், எஃப்.பி.ஐ.யின் முன்னாள் உலோகவியலர் வில்லியம் டோபினும், அவர்தம் குழுவினரும் ஆவர். அதே உற்பத்தித் தொகுதியைச் சார்ந்த பத்துக் குண்டுகளைச் சோதித்ததில் அவற்றுள் ஒன்று படுகொலைத் துண்டு ஒன்றோடு கலவையில் ஒத்திருந்ததாக அவர்கள் 2007இல் எழுதினர். கலவை ஒத்திருத்தல் அரிதானது என்னும் கின் கொள்கையின் அடிப்படை இதனால் தளர்ந்தது. மறுபுறம், கென்னத் ரானும் லாரி ஸ்டர்டிவனும் 2004இல் கின்னின் முடிபை ஆதரித்து விரிவான கட்டுரைகள் எழுதினர். விவாதம் ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடவில்லை. எனினும் சான்றின் வலிமை குறித்த மதிப்பீடு பெரிதும் மாறியது.

இம்மாற்றம் கென்னடி படுகொலையோடு நிற்கவில்லை. குண்டு ஈய ஒப்பாய்வை எஃப்.பி.ஐ. 1980களின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 2,500 வழக்குகளில் பயன்படுத்தியிருந்தது. குற்றம் நிகழ்ந்த இடத்துக் குண்டும் குற்றம் சாட்டப்பட்டவரின் பெட்டியிலிருந்த குண்டும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை எனச் சாட்சிகள் கூறினர். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, கலவையை அளக்கும் முறை நம்பத்தக்கது என்றும், அதிலிருந்து குண்டின் மூலப்பெட்டியை உய்த்துணர்வதற்குப் போதிய அடிப்படை இல்லை என்றும் பிரித்துக் கூறியது. 2005 செப்டம்பர் 1 அன்று எஃப்.பி.ஐ. இச்சோதனையைக் கைவிட்டது. அதன்மேல் நிறுவப்பட்ட தண்டனைகள் சில பின்னர் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. காண்டலுக்கும் கருதலுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனியாமையின் விலையைச் சிறையில் இருந்தவர்கள் செலுத்தினர்.

ஒப்பீடு: ஒலிப்பதிவுச் சான்று

கின் முடிபை ஏற்ற அதே தெரிவுக் குழு, டாலஸ் காவல்துறை வானொலியின் ஒலிப்பதிவையும் ஆராய்ந்தது. அதில் பதிவான ஓசைகளுள் ஒன்று புல்மேட்டுப் பகுதியிலிருந்து சுடப்பட்டதற்கு 95 விழுக்காட்டு நிகழ்தகவு உண்டென்று வல்லுநர் இருவர் கணித்தனர். இதனை முதன்மைச் சான்றாகக் கொண்டு, படுகொலை ஒரு சதியின் விளைவாக இருக்கலாம் எனக் குழு 1979இல் அறிவித்தது. நார்மன் ராம்சே தலைமையில் தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு 1982இல் அவ்வொலிப்பதிவை மறுபடி ஆராய்ந்தது. மற்றோர் அலைவரிசையிலிருந்து கலந்த பேச்சொலியைக் கொண்டு, அவ்வோசைகள் படுகொலைக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பின் பதிவானவை என அது கண்டது. 95 விழுக்காடு என்பது, அவ்வொலிப்பதிவு அந்நொடிக்கு உரியது என்னும் கருதுகோளுக்கு உட்பட்ட கணக்கு. கருதுகோள் வீழ்ந்தபின் விழுக்காட்டுக்குப் பொருளில்லை. இதனை மறுத்தும் பின்னர்க் கட்டுரைகள் வந்துள்ளன. ஒற்றைத் துப்பாக்கியாளரை வலியுறுத்திய அளவீடும் இரண்டாமவரை வலியுறுத்திய அளவீடும் ஒரே வகைக் குறைபாட்டுக்கு உள்ளாயின என்பது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. முதலாவது, இப்புலனாய்வின் எண்களுள் பெரும்பாலானவை அவற்றின் வரம்புக்குள் சரியானவையே. 158.6, 833, 14, 2.3 ஆகியவை கற்பனை எண்கள் அல்ல. இரண்டாவது, அவ்வெண்கள் விடையளித்த வினாக்களும் புலனாய்வாளர் எழுப்பிய வினாக்களும் வெவ்வேறானவை. துண்டில் எவ்வளவு ஆண்டிமனி உள்ளது என்பதற்குக் கருவி விடையளித்தது. துண்டு எக்குண்டுக்கு உரியது என்பதற்கு விடையளிக்க ஆயிரக்கணக்கான குண்டுகளின் பின்னணித் தரவு தேவைப்பட்டது. மூன்றாவது, முதற்கட்டப் பதிவில் நேர்ந்த குறையை, அதாவது அசையும் உறுப்பிலிருந்து அளந்த தொலைவையும் பாதுகாக்கப்படாத மாதிரியையும், பிற்கால நுண்கருவிகளால் ஈடுசெய்ய இயலவில்லை.

ஈயப் பகுப்பாய்வு வலுவிழந்தமையால் இரண்டாம் துப்பாக்கியாளர் ஒருவர் இருந்தார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. கீறல் ஒப்பீடு, கண்டெடுக்கப்பட்ட துப்பாக்கி, வெற்றுக் கூடுகள் ஆகிய சான்றுகள் தத்தம் நிலையில் நிற்கின்றன. சான்று ஒன்றை விலக்குவது அதன் எதிர்முடிபை நிறுவுவதாகாது. சர்ச்சையின் இருதரப்பு நூல்களிலும் இப்பிழை மலிந்துள்ளது. படுகொலை வழக்குகளின் ஆவணங்களைப் பயிலும் வரலாற்றாய்வாளர் ஒவ்வோர் எண்ணையும் நோக்கி, இது எதனை அளந்தது, எதிலிருந்து அளந்தது, எத்துணை மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டது என்னும் மூன்று வினாக்களை எழுப்புவாராயின், அறிவியலின் பெயரால் வரும் உறுதியில் எவ்வளவு அளவீட்டுக்கு உரியது, எவ்வளவு அளந்தவரின் கருத்துக்கு உரியது என்பதைப் பிரித்தறிய இயலும்.